களியில் ஒரு கிணறு

கௌசல்யா, பிரபு, இது உங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்து எழுதுவது.

போன வாரம் கௌசல்யா ஓசூரிலிருந்து போன் பண்ணினாள். "ப்பா, பாப்பா எதக் குடுத்தாலும் கன்னத்துலயே அடக்கி வச்சிக்கிறா. அம்மா நமக்குப் போடுவாங்களே, கெணத்துக் களி, அது எப்படிப்பா? அளவு சொல்லு" என்றாள். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். தெரியாமல் இல்லை. சொல்ல ஆரம்பித்தால் அளவோடு நிற்காது, அதனால்தான். போனில் என்றால் பாதியில் மழை பெய்ததா, மாப்பிள்ளை நல்லா இருக்காரா என்று வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். நோட்டில் எழுதினால் ஓட முடியாது. எட்டாவதோடு நின்றவன் எழுத்து. அங்கங்கே தடுமாறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் களி. ஒரு டம்ளர் கேழ்வரகு மாவுக்கு ரெண்டரை டம்ளர் தண்ணீர். தண்ணீர் கொதித்ததும் ஒரு கை நொய்யரிசி போட்டுக் குழைய வேகவிடு. உப்புப் போடு. மாவை நடுவில் குவித்துக் கொட்டு, ஆனால் கிளறாதே. துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு ஓட்டை போட்டு மூடி வை. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் கொதித்து வந்து மாவு வேகும். இறக்கி, துடுப்பால் அழுத்தி, ஒரே பக்கமாகக் கிண்டு. கை வலித்தாலும் விடாதே. "கட்டி தட்டுச்சுன்னா புள்ளைங்க துப்பிடுங்க" என்பாள் உங்கள் அம்மா. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு நாள் நான் கிண்டினேன். கௌசல்யா ஒரு வாய் வைத்துவிட்டு, "அப்பா, கல்லு போட்டுட்டியா?" என்றாள். உருண்டையைப் பிட்டுப் பார்த்தால் கட்டிக்குள்ளிருந்து பச்சை மாவு புகை மாதிரிப் பறந்தது. அன்றைக்கு மூன்று பேரும் பன் வாங்கித் தின்றோம்.

இனி கிணறு. உருண்டையைத் தட்டில் வைத்ததும், கரண்டியின் முதுகைத் தண்ணீரில் தொட்டு, சூட்டோடு நடுவில் அழுத்தி ஒரு சுற்று சுற்றுவாள். நடுவில் குழி, சுற்றிலும் கரை. குழிக்குள் அவரைக்கொட்டைக் குழம்பு. உங்களுக்கென்று காரம் சேர்ப்பதற்கு முன்னாலேயே எடுத்து வைத்தது. மேலே ஒரு சொட்டு நெய். கொட்டையெல்லாம் தவளை. "யாரு கெணத்துல எத்தன தவள?" என்று கேட்பாள். நீங்கள் எண்ணுவீர்கள். வெளிப்பக்கத்திலிருந்துதான் கிள்ளித் தின்ன வேண்டும். கிணற்றில் தொட்டுக்கொள்ளலாம், தவளை பிடிக்கலாம், கரை மட்டும் உடையக் கூடாது. கடைசி வரைக்கும் கரை நின்றால் ஒரு துண்டு வெல்லம்.

கௌசல்யா எலி கொறிக்கிற மாதிரி சுற்றிச் சுற்றி அளவாகத் தின்பாள். பிரபு, நீ ஒரே பக்கம் தோண்டுவாய். நாலாவது வாயில் குழம்பு தட்டெல்லாம் ஓடும். "போச்சு! ஊரே முழுகிப் போச்சு!" என்று அக்கா கத்துவாள். அம்மா அலட்டிக்கொள்ள மாட்டாள். "முழுகுனா என்ன, நீஞ்சிக்கிட்டே தின்னு சாமி" என்பாள். வெல்லம் உனக்கும் உண்டு. சாப்பிடு சாப்பிடு என்று அவள் உங்களைக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

நான் பார்த்ததே கொஞ்சம்தான். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டியில் வேலை. ஆந்திரா, அதற்கும் மேலே என்று போய்விட்டு, ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவை டீசல் நாற்றத்தோடு வந்து நிற்பேன். குளித்துவிட்டு உட்கார்ந்தால் எனக்கும் ஒரு கிணறு வெட்டித் தருவாள். முதல் வாயிலேயே என் கரைதான் உடையும். நீங்கள் ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். அதற்காகவே உடைப்பேன் என்று இப்போது சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை.

அந்தப் பச்சை மாவுப் புகை என்று எழுதினேனே, அதை எழுதும்போதே கை இன்னொரு புகைக்குப் போய்விட்டது. போர் போடும்போது தண்ணீர் இல்லாத பாறையிலிருந்து வருகிற வெள்ளைப் புழுதி. நம் காட்டில் போர் போட்ட அன்றைக்கு, பிரபு, உனக்கு ஐந்து வயது முடியவில்லை. தண்ணீர் பீய்ச்சினால் சேற்றில் குதிக்க வேண்டும் என்று செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து நின்றாய். முதல் குழியிலும் புழுதி, ரெண்டாவதிலும் புழுதி. கடத்தூர்ப் பக்கத்துச் சனம் பாதி வரப்பில் நின்று பார்த்தது. கூட வேலை செய்கிறவன் ஒருவன், "ஏம்ப்பா, ஊரு காட்டுலயெல்லாம் தண்ணி எடுத்துக் குடுத்த. ஓங்காட்டுல மட்டும் மாவா அரைக்கற?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். தலையெல்லாம் வெள்ளை. அப்படியே உட்கார்ந்தேன். அம்மா எனக்கும் களி வைத்துக் கிணறு போட்டாள். உங்கள் கிணற்றில் ஏற்கெனவே குழம்பு இருந்தது. என்னுடைய காரக் குழம்பை எடுக்க உள்ளே போனாள். அந்த நேரத்தில் நீ எட்டிப் பார்த்து, "அப்பா கெணத்துல தண்ணியே இல்ல" என்றாய்.

சொல்லிவிட்டு உன் தட்டை ரெண்டு கையாலும் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்தாய். எனக்குக் காதில் அந்த வரப்புச் சிரிப்புத்தான் கேட்டது. புறங்கையால் ஒரு தட்டுத் தட்டினேன். தட்டு நிலைப்படியில் போய் மோதியது. களி வாசல் வரைக்கும் உருண்டு போனது. நீ அழவில்லை. உன் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாய்.

குழம்புச் சட்டியோடு அம்மா வெளியே வந்தாள். கௌசல்யாதான் சொன்னாள்: "அவன் அப்பா கெணத்துல ஊத்தத்தாம்மா போனான்."

அம்மா என்னைத் திட்டவில்லை. "குடுக்க வந்த புள்ளையப் போயி..." என்றாள், அவ்வளவுதான். சட்டியை வைத்துவிட்டுக் களியைப் பொறுக்கினாள்.

மறுநாள் தட்டில் களி முழு உருண்டையாக வந்தது. நடுவில் குழி இல்லை. குழம்பைப் பக்கத்தில் ஊற்றினாள். பிரபு, நீ "எனக்குச் சோறு" என்றாய். அன்றிலிருந்து உனக்கென்று ஒரு பிடி அரிசி தனியாக வெந்தது. மூன்றாம் நாள் நான் வண்டியேறிவிட்டேன். திரும்பி வந்தபோது எல்லாரும் பழகிவிட்டிருந்தீர்கள். கரண்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்து நானே ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் போதும். நாளைக்கு, நாளைக்கு என்றே வருஷங்களை ஓட்டிவிட்டேன்.

அம்மா படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் நான்தான் கூழ் கரைத்துக் கொடுத்தேன். ஒரு நாள் எப்படியோ வாய் வந்து, "குழி போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். "கூழுல எங்கங்க கரை நிக்கும்?" என்று சிரித்தாள். அவள் போய் ரெண்டு வருஷம் ஆகிறது.

இப்போது இந்த வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர்தான் புழக்கத்தில். அவரைக்கொட்டை உரித்தால் ஒரு கைப்பிடி போதும். வறண்ட அந்தக் குழிகளுக்கு அப்போதே இரும்பு மூடி போட்டுவிட்டேன். யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. பிரபு, நீ பெங்களூரிலிருந்து பொங்கலுக்கு வந்தால், "களி வேணாம்பா, சோறே போதும்" என்று மரியாதையாகச் சொல்கிறாய். உனக்கு அந்த மத்தியானம் நினைவிருக்கிறதோ இல்லையோ, சாமி. இல்லை என்று நீ சொன்னாலும் எனக்கு இருக்கிறது. அப்பா செய்தது தப்பு. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

கௌசல்யா, பாப்பாவுக்குக் கிணறு போடும்போது கரையைக் கனமாக விடு. உடைந்தால் உடையட்டும். அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்தால், எந்த வேலை இருந்தாலும், முதலில் உன் தட்டை நீட்டு.

இதை எழுதி ஒரு நாள் நோட்டை மூடியே வைத்திருந்தேன். இன்று மத்தியானம் களி கிண்டினேன். ரெண்டு மூன்று கட்டி விழுந்தது. பரவாயில்லை. அலமாரியில் அடுக்கின் அடியில் கிடந்த பிரபுவின் சின்னத் தட்டை எடுத்துக் கழுவினேன். நிலைப்படியில் பட்ட நெளிவு விளிம்பில் அப்படியே இருக்கிறது. அதில் ஒரு உருண்டை வைத்துக் கிணறு போட்டு, எதிரே வைத்தேன். என் தட்டிலும் ஒன்று போட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டு, வெளிப்பக்கமாகக் கிள்ளிக் கிள்ளித் தின்றேன். இந்தத் தடவை என் கரை உடையவில்லை. மெல்லிய வளையமாக நின்றது. உள்ளே குழம்பு பாதிக்கு மேல் இருந்தது, தவளைகள் நாலு.

தட்டை ரெண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எழுந்துபோய், எதிரே இருந்த சின்னத் தட்டின் காலிக் கிணற்றில் ஊற்றினேன்.