அகத்தியர் நட்சத்திரத்தைத் தேடி குத்தம்பாக்கம் தாண்டி ஒரு சுடுகாடு வரை

மூன்று மாதங்களுக்கு முன் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஒரு ஃபோகஸ் லைட்டை மாட்டி, என் தெற்கு வானத்தைப் பறித்துக்கொண்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்பத்தூரில் இதே கட்டடத்தில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். தெற்கு மூலையில் இருக்கும் தண்ணீர்த்தொட்டியின் மேல் படிக்கட்டு வாசலைப் பார்த்து அந்த விளக்கை வைத்திருக்கிறார்கள். மாடியில் கால் வைத்ததும் முகத்தில் அறைகிறது. கையால் கண்ணை மறைத்துக்கொண்டு பார்த்தாலும் தொட்டிக்கு மேலே சாம்பல் நிறம் மட்டும்தான்.

தொட்டியின் பித்தளை வால்வை யாரோ பக்கத்துக் கட்டடம் வழியாக ஏறிவந்து கழற்றிக்கொண்டு போனதுதான் காரணம். விளக்கு போட்டவர் சங்கச் செயலாளர் கலைச்செல்வி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு துணி ஏற்றுமதி நிறுவனத்தில் சூப்பர்வைசர். வேலை முடிந்து வீடு வர இரவு ஒன்பதே முக்கால் ஆகும். போன வருடம் எங்கள் தெருமுனையில் அவர் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு பைக்கில் போய்விட்டார்கள். அவருக்கு வெளிச்சம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. என் நியாயத்தை அவர் கேட்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

வாட்ஸப் குழுவில் நான் எழுதிய நீண்ட செய்திகளுக்கு ஒரு கட்டைவிரல் படம்கூட வரவில்லை. அப்புறம் ஒரு அறிவிப்பு வந்தது: வரும் ஞாயிறு கூட்டத்தில் மாடிக்குப் பூட்டுப் போடத் தீர்மானம். எனக்கு வயது எழுபத்திரண்டு, இடது முழங்கால் மடங்காது. அமாவாசைக்கு அமாவாசை ஊருக்கு வெளியே ஓட முடியாது. மாடியைப் பூட்டினால் வானம் எனக்கு அத்தோடு முடிந்தது. நேராக அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன்.

"சார், அப்படி என்னதான் இருக்கு அங்க? ஒரு தடவ காமிங்க, பாக்கறேன். அதுக்கப்புறம் பேசுவோம்" என்றார்.

"நம்ம மாடியிலிருந்து காட்ட முடியாதபடி நீங்கதான் பண்ணி வெச்சிருக்கீங்க."

"அப்ப வேற எங்கயாவது காமிங்க. புதன்கிழம எனக்கு லீவு."

இந்தப் பயணம் இப்படித்தான் முடிவானது.

அந்தப் புதன், மாசி அமாவாசைக்கு மறுநாள். இது போன்ற பயணம் போக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமாவாசையன்று மயானக் கொள்ளைத் திருவிழா. பூந்தமல்லி சுற்று வட்டாரமெல்லாம் சீரியல் லைட்டாக இருக்கும். மறுநாள் பிறை மெலிதாக இருக்கும், சீக்கிரம் இறங்கிவிடும். அம்பத்தூரிலிருந்து மாலை ஐந்து பத்துக்குச் சாதாரணப் பேருந்து. எனக்குப் பதினைந்து ரூபாய், கலைச்செல்விக்குக் கட்டணமில்லை. திருவேற்காட்டில் நெரிசல். பூந்தமல்லியில் இறங்கும்போது ஆறு ஐந்து. அங்கே காத்திருப்பு உட்படப் போகவர ஆயிரத்து நூறு ரூபாய்க்கு ஆட்டோ பேசினேன். ஓட்டுநர் மோகன், ஐயப்பன்தாங்கல்காரர்.

நான் மனதில் வைத்திருந்த இடம் குத்தம்பாக்கம். பூந்தமல்லியிலிருந்து ஒன்பது கிலோமீட்டர்போல வரும். ஆறு வருடம் முன்பு அங்கே ஒரு வெட்டவெளியில் நின்று பார்த்திருக்கிறேன். ஆறு ஐம்பதுக்குப் போய் இறங்கினால், புதுப் பேருந்து முனையத்தின் உயரமான கம்பங்களிலிருந்து வெள்ளை வெளிச்சம் வயல்வரை கொட்டுகிறது. நான் நின்ற இடத்தில் தரையில் கிடந்த குண்டூசியைக்கூடப் பொறுக்கலாம்.

கலைச்செல்வி சுற்றிலும் பார்த்தார். "சார், நம்ம மாடியே தேவலாம் போலிருக்கே."

எனக்கு வந்த கோபத்துக்கு நடந்தே திரும்பியிருப்பேன். மோகன்தான் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார். "இன்னா நைனா, உனுக்கு இருட்டு தான வேணும்?"

"ஆமாம்."

"அப்ப சுடுகாட்டுக்குத்தான் போவணும். இங்கேர்ந்து உள்ள ஏழு கிலோமீட்டரு. எங்க மாமனார் ஊரு. அங்க லைட்டு அவுட்டாயி ஆறு மாசமா அப்டியே கீது."

"மேடம் பயப்படுவாங்க" என்றேன்.

"நான் சொன்னேனா பயம்னு?" என்று கலைச்செல்வி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஆனால் புடவைத் தலைப்பை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டதைப் பார்த்தேன்.

ஏழு இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சீமைக் கருவேலம் சூழ்ந்த மேடு. முந்தின நாள் திருவிழாவின் சுண்டலும் பூவும் தரையில் இறைந்து கிடந்தன. மோகன் வண்டி விளக்கை அணைத்தார். முதலில் எதுவும் தெரியவில்லை. கலைச்செல்வி போனை எடுத்து டார்ச் போடப் போனார், தடுத்தேன். இருட்டுக்குப் பழகக் கண்ணுக்குக் குறைந்தது கால் மணி நேரம் வேண்டும். ஒரு தடவை போன் வெளிச்சத்தைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

பிறகு வானம் வந்தது. அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இத்தனை வருடம் பார்த்தும், ஒவ்வொரு முறையும் அது மெல்லக் கீழே இறங்கி நம் பக்கத்தில் வந்து நிற்பது போலத்தான் இருக்கிறது.

இந்த மாதம் பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு, மின்தடையை ஊரே திட்டிய காலத்தில் நான் மட்டும் மாடியில் சந்தோஷமாக நின்று கற்றுக்கொண்டவை இவை. எட்டு மணிக்குத் தெற்கே திரும்பி நின்று உச்சிக்குச் சற்றுக் கீழே பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரம், வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டை. அதற்கு மேலே செம்மண் நிறத்தில் திருவாதிரை. பட்டைக்குக் கீழே பைனாகுலரை வைத்தால், ஊதிவிட்ட திருநீறு காற்றிலேயே நின்றுவிட்டதுபோல ஒரு மங்கல். அங்கே இன்னும் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. மேற்கே கார்த்திகை. நான் ஆறு எண்ணினேன். கலைச்செல்வி ஏழு என்றார்.

"ஆறுதான்" என்றேன்.

"உங்க கண்ணுக்கு ஆறு சார். என் கண்ணுக்கு ஏழு."

கிழக்குப் பக்கம் உச்சியை ஒட்டி, மிதுனத்தில் வியாழன் கொஞ்சமும் சிமிட்டாமல் எரிந்தது. ஆட்டோவின் கூரையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பைனாகுலரில் பார்த்தால் அதன் பக்கத்தில் ஊசிமுனைபோல அதன் நிலாக்கள். மூன்று தெரிந்தது. மோகனும் வாங்கிப் பார்த்தார். "டேய் மாமே, நிஜமாவே கீதுடா!" என்று யாரும் இல்லாத இருட்டைப் பார்த்துச் சொன்னார்.

பால்வீதி தெரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். சென்னையின் வெளிச்சம் கிழக்கே வானத்தின் கால்வாசியைத் தின்றிருந்தது.

கடைசியாகத் தெற்கு. அடிவானத்துக்கும் உச்சிக்கும் பாதி உயரத்துக்கு மேல் சிரியஸ், நீலமும் வெள்ளையுமாகத் துடிக்கும். அதிலிருந்து கண்ணைக் கீழே இறக்கினால், கருவேல மரங்களுக்கு மேலே, தனியாக, அவசரமே இல்லாமல் ஒன்று. அகத்தியர் நட்சத்திரம். வடநாட்டில் பல ஊர்களில் இதை அடிவானத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். நமக்கு இவ்வளவு உயரத்தில் வந்து நிற்கிறது. நாம் பார்க்கும் அதன் ஒளி ஏறத்தாழ முந்நூறு வருடம் முன்பு கிளம்பியது. வழியில் எதிலும் முட்டாமல், அந்த மேட்டில் நின்ற மூன்று பேரின் கண்ணில் வந்து முடிந்தது. அம்பத்தூர் வரைக்கும் அது வருகிறது. கடைசி அறுபது அடியில் எங்கள் ஃபோகஸ் லைட் அதை அடித்துவிடுகிறது.

இதைத்தான் கலைச்செல்வியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் தலையை உயர்த்தியபடியே நின்றார். கழுத்தைச் சுற்றியிருந்த தலைப்பு நழுவியிருந்தது.

அப்போது ஒரு மொபெட் நேராக எங்களை நோக்கி ஏறி வந்தது. அதன் விளக்கு கண்ணைப் பறித்தது. கலைச்செல்வி சட்டென்று என் பின்னால் வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

வெளிச்சத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "யார்பா அது? சரக்கு அடிக்க வேற எடமே கெடக்கலியா?"

"சரக்கு இல்ல அண்ணாத்தே, நட்சத்திரம்" என்றார் மோகன்.

"இன்னாது?"

"நட்சத்திரம் பாக்க வந்துகீறாங்க. அம்பத்தூர்லேர்ந்து."

"ஏன், அங்க அதெல்லாம் இல்லியா?"

நான் சத்தம் போட்டேன். "மொதல்ல அந்த லைட்ட அணைப்பா!"

அணைத்தார். கொஞ்சம் பொறுத்து உருவங்கள் தெரிந்தன. சுடுகாட்டைப் பார்த்துக்கொள்பவர் கையில் கம்போடு நின்றார். அவருக்கு இரண்டடி தள்ளி, எங்களுக்கு மிக அருகில், அவர் மனைவி நின்றிருந்தார். பின்னால் உட்கார்ந்து வந்தவர் எப்போது இறங்கினார், எப்போது அவ்வளவு பக்கத்தில் வந்தார் என்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை.

"ரெண்டு பேரா வந்தாங்க?" என்றார் கலைச்செல்வி. மறுபடி அதையே கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், மாடில துணி எடுக்கப் போறப்ப எனக்கும் இப்படித்தான் கண்ணு கூசுது. தொட்டிக்குப் பின்னாடி ஒருத்தன் நின்னா தெரியவே தெரியாதுல்ல?"

"தெரியாது" என்றேன். மூன்று மாதம் வாதாடிய எனக்கு இந்த ஒரு வாதம் தோன்றவே இல்லை. எனக்கு நட்சத்திரம்தான் வாதம்.

அந்தத் தம்பதிக்கும் வியாழனைக் காட்டினோம். எட்டே முக்காலுக்கு அகத்தியர் நேர்த் தெற்கில், அன்றைய உச்ச உயரத்தில் நின்றதைப் பார்த்த பிறகுதான் கிளம்பினோம். ஆட்டோவில் குத்தம்பாக்கம் வெளிச்சம் வந்ததும் கலைச்செல்வி ஆரம்பித்தார்.

"லைட்ட எடுக்க மாட்டேன் சார். கீழ பாத்து திருப்பறேன், மூடி போடறேன். பூட்டு வேணாம்னு நானே சொல்றேன்."

"போதாது. அமாவாசையை ஒட்டி ஒரு வாரம் சாயங்காலம் முழுசா அணைக்கணும்."

"அப்ப மாடிய யாரு பாத்துப்பா?"

பூந்தமல்லி வரும்வரை யோசித்தேன். பதிலைக் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: மாசி முழுவதும், பங்குனி பாதி வரையிலும் ஏழரையிலிருந்து ஒன்பது மணிக்குள் இவை அனைத்தும் தெரியும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். முழுக்கைச் சட்டை, தண்ணீர், சாதாரண பைனாகுலர் போதும். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். சுடுகாடாக இருந்தால் பார்த்துக்கொள்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. நாங்கள் சொல்லவில்லை, அது தவறு.

இனி நடக்க வேண்டியவை. குத்தம்பாக்கம் கம்பங்களைப் பராமரிப்பவர்கள் விளக்குகளின் தலையைத் தரை பார்த்துக் குனிய வைக்க வேண்டும். பேருந்துகள் வானத்தில் ஓடுவதில்லை. கலைச்செல்வி ஞாயிறு கூட்டத்தில் பூட்டுத் தீர்மானத்தைத் திரும்பப் பெற வேண்டும். ஒப்புக்கொண்டதை இங்கே எழுதிவிட்டேன், இனி மாற முடியாது. எங்கள் எலக்ட்ரீஷியன் திங்கட்கிழமைக்குள் விளக்கைத் திருப்பித் தகர மூடி போட வேண்டும். தகரத்துக்கான செலவு என்னுடையது. மற்ற வீட்டுக்காரர்கள் ஒரு நாளாவது மாடிக்கு வந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் கை தூக்க வேண்டும். நான், விளக்கு அணைந்திருக்கும் நாட்களில் ஏழரைக்கே நாற்காலியோடு மாடிக்குப் போய்விட வேண்டும். ஒன்பதே முக்காலுக்குக் கலைச்செல்வி தெருமுனையில் திரும்பி, நடந்து வந்து, கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்கும்வரை கீழே இறங்கக் கூடாது.