இடி இடித்தால் மெயினை இறக்கும் தோட்டத்தில் நான்கு கணினிகள்

"உங்கட தோட்டத்தில உது நிக்காது, பிள்ளை. மழை இருட்டினாலே கரண்ட் போற இடம். மூண்டு மாதம் தாறன். அதுக்குள்ள ஓடாமல் போச்செண்டால் நாலையும் எடுத்து டவுன் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்திடுவன்."

பதுளையில் பழைய கணினிகளைப் பங்கிட்டுக் கொடுத்த அதிகாரி சொன்னது இது. யாழ்ப்பாணத்துக்காரர். குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான், தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கப் போகிறவள். படிவத்தில் என் பெயரை நிறுத்தி, அழகாக எழுதினேன். பசறையைத் தாண்டியதும் கணினிகளை ஏற்றிய லொறி பனிக்குள் போய்விட்டது. முன்னால் சாலையே இல்லாதது போலவும், நாங்கள் போகப் போக யாரோ அதைப் போட்டுக்கொண்டிருப்பது போலவும் இருந்தது.

கணினிகளுக்குக் கிடைத்த இடம் பிள்ளைக் காம்பராவில் பாதி. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம் அது. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் சேலைத் தொட்டில்கள், இந்தப் பக்கம் லினக்ஸ், எங்கள் கணினிகளை ஓட்டும் இலவச இயங்குதளம். பின்னேரங்களில் மாணவர்கள் விசைகளைத் தட்டும் சத்தத்திலேயே குழந்தைகள் தூங்கிப்போகும்.

இரண்டு பக்கத்துக்கும் ஒரே மெயின் சுவிட்ச். அது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் தலைக்கு மேலே இருந்தது. எங்கள் தோட்டத்தில் முதல் இடி கேட்டதும் மெயினை இறக்கிவிடுவார்கள். எங்கள் லயத்து வரிசை வீட்டில் நானும் அப்படித்தான் செய்து வளர்ந்தேன். ஐப்பசியில் அக்கா ஒரு நாளும் தவறவில்லை.

"அக்கா, ஒரு வார்த்த சொல்லிட்டு இறக்கக் கூடாதா?"

"இடி என்னைக் கேட்டுட்டா வருது, டீச்சரு?"

கணினியின் வட்டில் 'பூட்' என்று ஒரு சின்னப் பகுதி உண்டு. லினக்ஸின் மையமான கெர்னல் கோப்பு அங்கேதான் இருக்கும். கணினி கண்விழித்ததும் முதலில் தேடுவது அதைத்தான். திடீரென்று மின்சாரம் போனால் அந்தப் பகுதி குழம்பிவிடும் என்று படித்திருந்தேன். அதனால் நான்கிலும் அதை ஜர்னல் உள்ள வகைக்கு மாற்றினேன். ஜர்னல் என்பது ஒரு குறிப்புக் கொப்பி. மாற்றங்களை முதலில் அதில் எழுதிவைத்து, பிறகு ஆறுதலாக அவற்றின் இடத்தில் கொண்டுபோய் வைக்கும். இனி எந்த இடிக்கும் பயமில்லை என்று நினைத்தேன். அன்று லயத்துக்குக் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.

மூன்றாவது மாதம் புதிய கெர்னல் குறுந்தட்டில் வந்தது. முதல் கணினியில் ஏற்றி முடித்தேன். இடி இடித்தது, அக்கா மெயினை இறக்கினார். மழை விட்டதும் கணினியைப் போட்டால், கோப்பு இல்லை என்று ஒரு வரி. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மீட்புத் தட்டைப் போட்டு பூட் பகுதியைத் திறந்து பார்த்தேன். கோப்பு அங்கேயே இருந்தது, முழுசாக. தட்டை எடுத்துவிட்டுக் கணினியைத் திரும்பப் போட்டேன். ஒன்றுமே நடக்காதது போல கணினி எழுந்தது.

மறுநாள் இரண்டாவது கணினியிலும் அதேதான். கணினி தேடினால் இல்லை, நான் பார்த்தால் இருக்கிறது, நான் பார்த்த பிறகு கணினிக்கும் இருக்கிறது. அதிகாரி வர ஆறு நாள்தான் இருந்தது.

"பொட்டிக்குக் காத்துக் கருப்பு ஏதும் அண்டிருச்சா?" என்றார் அக்கா, ஒரு குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே.

அந்த வாரம் நான் பாதித் தூக்கத்தில் நடந்தது போலத்தான் திரிந்தேன். பனி இறங்கினால் எதிர் மலையின் தேயிலை முழுதும் காணாமல் போகும், விலகினால் அதே இடத்தில் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். கோப்பு எங்கே போனது என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். தேடுவது யார் என்று கேட்கவில்லை.

லினக்ஸ் ஒரு பகுதியைத் திறக்கும்போது கொப்பியை வாசித்து, விட்டுப்போனதைச் செய்து முடிக்கும். மீட்புத் தட்டில் இருந்ததும் லினக்ஸ்தான். ஆனால் லினக்ஸை எழுப்புகிற சின்ன நிரலுக்குக் கொப்பியை வாசிக்கத் தெரியாது. கெர்னல் இன்னும் கொப்பியிலேயே இருக்கும்போது மெயின் இறங்கினால் அதன் கண்ணில் ஒன்றும் படாது. அப்படியானால் ஏற்றியதும் ஒரு கட்டளை போட்டு பூட் பகுதியை லினக்ஸிலிருந்து கழற்றிவிட வேண்டும். கழற்றும்போது கொப்பியில் இருப்பதெல்லாம் தன் இடத்துக்குப் போய்விடும். அடுத்த கெர்னல் வரும்வரை அதை மாட்டவே தேவையில்லை.

சரிபார்க்க அக்காவைக் கூப்பிட்டேன்.

"இப்ப இறக்குங்கக்கா."

"மேகமே இல்லையே. உனக்கும் அண்டிருச்சா?"

ஒவ்வொரு முறையும் கெர்னலைப் புதிதாக ஏற்றி, கழற்றாமல் மூன்று முறை, கழற்றிவிட்டு மூன்று முறை. கழற்றாத மூன்று முறையும் கணினி எழவில்லை. கழற்றியபோது மூன்று முறையும் எழுந்தது. ஆறாவது தடவை நான் சொல்லாமலே அக்கா மெயினை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

அதிகாரி வந்த அன்று மூன்று கணினிகளைப் போட்டுக் காட்டினேன். நான்காவதில் கெர்னலை ஏற்றி, பூட் பகுதியைக் கழற்றி நிமிர்ந்தேன். மலைக்குப் பின்னால் இடித்தது, எல்லாம் அணைந்தது. அதிகாரி என் முகத்தைப் பார்த்தார்.

இடி ஓயும்வரை அக்கா மெயினை ஏற்றமாட்டார். அரையிருட்டில் நாங்கள் தேத்தண்ணி குடித்தோம். தடுப்புக்கு அப்பால் தொட்டில் கயிறு கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில், நேரம் நடக்காமல் எங்களோடு உட்கார்ந்துவிட்டது போலிருந்தது.

வெளிச்சம் வந்ததும் நான்காவது கணினியைத் தொட்டேன். வரிகள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. கடைசியில் பெயர் கேட்டு நின்றது.

அவர் என்ன செய்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"நாலும் இஞ்சயே நிக்கட்டும்," என்றார். "உந்த லினக்ஸைச் செய்யிற ஆக்களுக்கு ஆராவது எழுதோணும், பிள்ளை. ஏத்தி முடிஞ்சதும் பூட் பகுதி தானாக் கழர வேணுமெண்டு."

"எழுதிட்டேன் சார். வியாழக்கிழமை பசறைக்குப் போய் மின்னஞ்சல்ல அனுப்பினேன். அதுக்கு ஒரு சின்ன நிரலும் எழுதிச் சேர்த்திருக்கேன்."