எண்ணூறு பெட்டி

அந்த யோசனை வந்தபோது நான் மியூட்டில் இருந்தேன்.

காலை பத்தேகால் மீட்டிங். பெங்களூரில் இருக்கும் டீம் லீடர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் நாற்காலிக்குப் பக்கத்தில் தங்கை தரையில் உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. காய்ச்சல் என்று அன்று லீவு. மடியில் கணக்குப் புத்தகம். திடீரென்று என் கால் சட்டையை இழுத்து, "அக்கா, இந்த சம் வந்துருச்சு. இங்கன பாரு, இதுக்கும் இதுக்கும் ஒரே விகிதம், அப்ப அந்த லைனும் இதுவும் இணை. சரிதான?" என்றாள்.

சரிதான். ஆனால் நான் கணக்கைக் கவனிக்கவில்லை. அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குத் திக்கும். எல்லா எழுத்தும் இல்லை, சொல்லின் முதலில் 'க' வந்தால் மட்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் பாடம் வாசிக்க எழுப்பியிருக்கிறார்கள். முதல் சொல்லே 'க'. க, க, க என்று நின்றவளைப் பார்த்துப் பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், "காக்கா வந்துருச்சு, சோறு வைங்கட்டி." அன்றிலிருந்து அவள் வகுப்புக்குள் நுழைந்தால் யாராவது கரைவார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டாள். வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக. அவளுக்குப் பதிலாக நான் பேசிப் பேசி, அவளுடைய குரல் எப்படியிருக்கும் என்பதே எனக்கு மறந்துகொண்டிருந்தது.

அந்த மீட்டிங் முடிவதற்குள் என் மனதில் டைம்டேபிள் தயாராகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடம், இரண்டு நாள் வீடு. செவ்வாயும் வியாழனும் நான் சொல்லிக்கொடுப்பேன். எனக்குத்தான் வீட்டிலிருந்தே வேலை ஆயிற்றே!

ஜவுளிக்கடை வேலை முடிந்து வந்த அம்மாவிடம் சொன்னேன். அம்மா தலையில் இருந்த வாடிய பூவை எடுத்துக்கொண்டே கேட்டாள், "மாடியில மண்ணில்லாம கீரை வளக்கேன்னியே, அது என்னாச்சு?"

"அது வேற."

"ஜப்பான் பாஷை?"

"அம்மா!"

"நீ தொடங்குததுக்குன்னே பொறந்தவ. முடிக்கதுக்கு வேற ஒருத்தி பொறக்கணும். கீரை செத்தா போகுது. இது பத்தாங்கிளாஸு."

மறுநாளே தங்கையைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

தலைமையாசிரியை நான் பயந்ததைவிட நல்லவராக இருந்தார். டாக்டர் சீட்டு வாங்கி வரச் சொன்னார். "அரையாண்டு வரைக்கும் பாப்பேன். ஒரு பாடத்துல பெயிலானாலும், ஏதாவது புகார் வந்தாலும், பிள்ளை அஞ்சு நாளும் இங்கன இருக்கணும்." என் தங்கையைப் பார்த்து, "உனக்கு இது வேணுமாம்மா?" என்று கேட்டார். அவள் தலையாட்டுவதற்குள் நான், "வேணும் மேடம், ரொம்ப ஆசைப்படுதா," என்றேன்.

"நான் உன்னைக் கேக்கல," என்றார் தலைமையாசிரியை.

என் வேலையைச் சொல்ல வேண்டும். இன்ஜினியரிங் முடித்து நான் செய்வது கட்டம் போடுவது. கம்ப்யூட்டரில் சாலைப் படங்கள் வரும். அதில் தெரியும் ஒவ்வொரு காரையும் ஆளையும் மாட்டையும் சுற்றி ஒரு கட்டம் இழுக்க வேண்டும். டிரைவர் இல்லாமல் ஓடப்போகும் வண்டிக்கு இப்படித்தான் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்களாம். ஒரு நாளைக்கு எண்ணூறு கட்டம். குறைந்தால் மெயில் வரும். மூன்று மெயில் வந்தால் வேலை போகும்.

முதல் இரண்டு வாரம் திருவிழாதான். வடிவியலுக்காகத் தீக்குச்சி வாங்கினேன், மருந்து முக்காத வெறுங்குச்சி, ஒரு பெரிய பண்டல். அதைப் பசை வைத்து ஒட்டி முக்கோணம், அதற்குள் இன்னொரு முக்கோணம் என்று மேஜை நிறைய. காலையில் ஒரு மணி நேரம் அவளுக்கு, பிறகு ஒரு மணி நேரம் கட்டத்துக்கு, மறுபடி அவளுக்கு. அறைச் சுவரில் உத்தரத்திலிருந்து ஜன்னல் வரை ஒரு விரிசல். கரிசல் மண்ணில் கட்டிய வீடுகளுக்கு இது வழக்கம்தான், வெயிலில் மண் வாய் பிளந்தால் சுவரும் பிளக்கும், மழைக்குச் சேர்ந்துகொள்ளும். ஆனாலும் அந்த வருடம் ஒவ்வொரு காலையும் அது நேற்றைவிட அகலமா என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் முதல் மெயில் வந்தது. நான்காம் வாரம் மாதத் தேர்வில் அவள் அறிவியலில் முப்பத்தொன்பது. பாஸ், ஆனால் போன தடவை அறுபத்திரண்டு. அவள் படிக்கும்போது என் கட்டம் குறைந்தது, நான் கட்டம் போடும்போது அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது மெயில் வந்த வியாழக்கிழமை நான் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டிருந்தபோது, அவள் மவுஸை என் கையிலிருந்து மெல்ல எடுத்தாள்.

"நான் போடுதேன்க்கா. நீ மீட்டிங் பாரு."

நான் தடுக்கவில்லை. அன்று நூறு கட்டம் போட்டாள். என்னைவிடச் சுத்தமாக. அதற்கப்புறம் இரண்டு வியாழன். மூன்று நாள்தான், அவளே ஆசைப்பட்டுத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மூன்று நாளும் அவள் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை என்பதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

பசை தீர்ந்துபோன ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அவளைத் தெருமுனைக் கடைக்கு அனுப்பினேன். கடைக்காரர் கேட்டிருக்கிறார், "ஏட்டி, இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?"

இந்த இடத்தில்தான் அவளுடைய 'க' வேலையைக் காட்டியது. திக்குகிறவர்களுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. தடுக்கும் சொல் வருவதற்கு முன்பே மோப்பம் பிடித்து வேறு சொல்லுக்குத் தாவிவிடுவார்கள். அவள் கணக்கை 'மேத்ஸ்' என்பாள். கோவில்பட்டியை 'நம்ம ஊரு' என்பாள். கம்ப்யூட்டர் என்று சொல்ல வரவில்லை, விட்டுவிட்டாள். கட்டம் என்று சொல்ல வரவில்லை, 'பெட்டி' என்றாள்.

"அக்காவுக்கு வீட்லயே ஆபீஸ் வேலை, அண்ணாச்சி. தினம் எண்ணூறு பெட்டி போடணும். நானும் சேந்து போடுதேன். பசை இருக்கா?"

எங்கள் ஊரில் ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ். ஒரு பெண் ஆபீஸுக்குப் போகிறாள் என்றால் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போகிறாள் என்று அர்த்தம். வீட்டிலேயே ஆபீஸ் வேலை, எண்ணூறு பெட்டி, கூடவே பசை என்றால் இதற்கு வேறு அர்த்தமே கிடையாது. பிள்ளையை வைத்துத் தீப்பெட்டி ஒட்டுவதாக யார் தகவல் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கொடுத்தவர் மேல் கோபமும் இல்லை. நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அடுத்த வியாழக்கிழமை கதவு தட்டப்பட்டது. தொழிலாளர் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி, பின்னால் ஃபைலோடு ஒருவர். நான் ஹெட்போனைக் கழுத்தில் தள்ளிவிட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"சின்னப் பிள்ளைய வச்சு வீட்ல வேலை வாங்குறதா தகவல் வந்திருக்கு. உள்ள வரலாமா? ஆபீஸ் எங்க நடக்குது?"

"இங்கனதான் மேடம்," என்றேன். சொன்ன பிறகுதான் அவர் எந்த ஆபீஸைக் கேட்கிறார் என்பது புரிந்தது.

அறையில் என் தங்கை, விரலெல்லாம் பசையோடு. மேஜை முழுக்கத் தீக்குச்சி. அதிகாரி ஒரு குச்சியை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தார். மருந்து வாடை இருக்கிறதா என்று.

"மேடம், இது ஜியாமெட்ரி," என்றேன். என் காதுக்கே பொய் மாதிரி இருந்தது. "நான் வந்து, கம்ப்யூட்டர்ல..."

"நீ பேசாதம்மா. பாப்பா சொல்லட்டும்." அவர் என் தங்கைக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். "பயப்படாத. என்ன வேலை செய்யுற?"

கழுத்தில் கிடந்த ஹெட்போனிலிருந்து டீம் லீடரின் குரல் கொசு மாதிரி என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் அசையவில்லை. என் தங்கையின் கீழுதடு இழுத்துக்கொள்வதைப் பார்த்தேன். 'க' வருகிறது. கழுத்து நரம்பு புடைத்தது, கண் மூடிக்கொண்டது. சத்தம் வரவில்லை. ஃபைல்காரர் பேனாவை எடுத்தார். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது மிரட்டி வைக்கப்பட்ட பிள்ளையின் முகம். ஒரு வார்த்தை, நான் எடுத்துக்கொடுத்தால் முடிந்தது. ஆனால் நான் எடுத்துக்கொடுத்தால், அக்காவுக்குப் பயந்த பிள்ளை என்பது உறுதியாகிவிடும். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். சுவரைப் பார்த்தேன். விரிசலைப் பார்த்தேன்.

"பெ..." என்று அவள் தொடங்கினாள். அதிகாரியின் முகம் மாறுவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அந்தச் சொல்தான் வினை என்று அவளுக்கு அந்த நொடியில் புரிந்திருக்க வேண்டும். தாவ வேறு சொல் இல்லை.

"க... க... க... கட்டம்," என்றாள். "மேடம். கட்டம். கம்... க... கம்ப்யூட்டர்ல."

எழுந்து போய் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். ஏதோ ஒரு நகரத்துச் சாலை, நடுவில் ஒரு மாடு, மாட்டைச் சுற்றிப் பச்சைக் கட்டம்.

அதிகாரி பார்த்தார். ஃபைல்காரரைப் பார்த்தார். "இதுக்கா அண்ணே வந்தோம்?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் மூச்சு வந்தது. ஆனால் அவர் அனுபவசாலி. சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"நீயும் போடுவியா பாப்பா?"

"போடுவேன்."

"எத்தனை?"

"நூறு. அக்கா மீட்டிங்ல இருக்கும்போது. மூணு நாளு."

"அக்கா எவ்வளவு குடுப்பா?"

"சேமியா ஐஸ்."

அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். இப்போது சிரிக்கவில்லை. "தீப்பெட்டி இல்லேங்கிறது சரி. ஆனா படிக்கிறதுக்குன்னு வீட்ல நிறுத்தி வச்ச பிள்ளை, படிக்கிற நேரத்துல உன் வேலையப் பாத்திருக்கு. இதுக்கு நீயே ஒரு பேரு சொல்லு, எழுதிக்கிறேன்."

எனக்கு எந்த எழுத்தும் திக்காது, ஆனாலும் அந்தப் பேர் வரவில்லை.

அவர் எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது. பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து விவரம் கேட்டார். போகும்போது தங்கையின் தலையைத் தொட்டு, "மாட்டுக்கு வாலை விட்டுட்டுப் போட்டிருக்க பாரு," என்றுவிட்டுப் போனார்.

பத்து நிமிடத்தில் தலைமையாசிரியை போனில் அழைத்தார். "புகார் வந்தா என்னன்னு சொல்லியிருந்தேன்?"

"மேடம், அது தப்பாப் புரிஞ்சு..."

"நீ சொல்லாத. நீ சொல்லி சொல்லித்தான் இங்க வந்து நிக்குது. திங்கக்கிழமை காலைல ரெண்டு பேரும் வாங்க. ஏன் வீட்ல படிக்கணும்னு அந்தப் பிள்ளை எங்கிட்ட சொல்லணும், அதுவா, வாயால. சொல்லிட்டா யோசிக்கிறேன். இல்லேன்னா அன்னைக்கே கிளாஸுக்குப் போயிரட்டும்."

மூன்றாவது மெயில் அன்று மாலை வந்தது. டீம் லீடரிடம் நடந்ததைச் சொன்னேன், அந்த மூன்று வியாழன்கள் உட்பட. வேலையை விட்டு எடுக்கவில்லை, ஆனால் இனி வாரத்தில் நான்கு நாள்தான் வேலை, அதற்கேற்பச் சம்பளத்தில் பிடித்தம், ஒரு மாதச் சோதனை என்றார். சரி என்றேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மாடியில் காய்ந்து கிடந்த என் கீரைத் தொட்டியை எடுத்துவந்து கழுவி வைத்தாள்.

இன்று ஞாயிறு. காலையிலிருந்து நானும் தங்கையும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். நாளைக்கு அவள் சொல்ல வேண்டியதை நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எட்டு வரி. ஒரு வரியில்கூடச் சொல்லின் முதலில் 'க' வராமல், இரண்டு மணி நேரம் மெனக்கெட்டு எழுதியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் வாசித்துப் பார்த்தாள். மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

"வேண்டாம்க்கா. இப்படித் தாவித் தாவித்தான ஆபீசர் வந்தாவ."

"அப்ப என்ன சொல்லப் போற?"

"எனக்கு வீட்ல க... க... கணக்கு புரியுது. கி... கிளாஸ்ல, க... காக்கான்னு சொல்லுதாவ. இவ்வளவுதான்."

"அங்க போய் நின்னுட்டா? வரலேன்னா?"

"வார வரைக்கும் அவிய இருப்பாவல்லா?"

தெரியவில்லை. இருப்பார் என்று நான் சொல்லவில்லை. தலைமையாசிரியைக்குப் பத்து மணிக்கு வேறு வேலை இருக்கலாம். போன் வரலாம். ஜன்னல் வழியே யாராவது கரையலாம். அவள் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்து அவருக்கே மனம் பொறுக்காமல், சரி விடு என்று சொல்லிவிடலாம். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம்.

நாளை ஒன்பதரைக்கு அந்த அறைக்குள் அவள் மட்டும் போவாள். நான் வராந்தா பெஞ்சில் உட்காரப்போகிறேன். உள்ளே சத்தமே கேட்காவிட்டாலும் எழுந்து கதவைத் தள்ளக் கூடாது. இதை நான் இதுவரை செய்து பார்த்ததில்லை.