யாரும் எழுதாத கட்டுரை

அக்கா அன்று ஆய்வுக்கூடத்தில் நின்றுகொண்டே போன் பேசினார். "அம்மா, மருந்து இருக்கும்மா! இப்பத்தான் படிச்சேன்." மறுமுனையில் அவருடைய அம்மா இருமி முடிக்கும்வரை சிரித்த முகத்தோடு காத்திருந்தார். மலேசியாவில், சிரம்பானில் ஒரு கல்லூரியில் அப்போது நாங்கள் இருவரும் ஆய்வு மாணவர்கள். என்னைவிட மூத்தவர் என்பதால் அவர் எனக்கு அக்கா.

கோலா பிலா பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அந்த அம்மா பல காலம் களைக்கொல்லி தெளித்தவர். தோட்டத்தில் அதை மருந்து அடிக்கிற வேலை என்பார்கள். வாயைச் சுற்றி ஒரு துண்டுதான் பாதுகாப்பு. நுரையீரல் தழும்பேறிவிட்டது, இனி ஆறாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அக்காவால் அதை ஏற்க முடியவில்லை. எங்கள் துறை மண்ணாய்வு. அதற்கான கட்டுரைகளைத் தேடிச் சுருக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம், ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அம்மாவின் நோயைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அது ஒரு மருந்தைச் சொன்னது. ஆய்வாளர் பெயர், இதழ், பக்க எண் எல்லாம் கொடுத்தது. அதை நம்பித்தான் அந்தப் போன்.

முழுக் கட்டுரையைத் தேடியபோதுதான் வினை தொடங்கியது. இதழ் உண்மையானது. அந்தப் பக்கத்தில் இருந்ததோ வேறு யாரோ எழுதிய வேறு எதுவோ. நூலகரும் தேடிப் பார்த்துக் கைவிரித்தார். அக்கா கருவியிடமே கேட்டார். அது பணிவாக மன்னிப்புக் கேட்டு, இன்னொரு கட்டுரையைக் காட்டியது. அதுவும் இல்லாததுதான்.

போனில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை என் காரில் அம்மாவைப் பார்க்கப் போனோம். அம்மா அதற்குள் அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

"மருந்து எப்பம்மா வருது?"

"அப்படி மருந்தே இல்லம்மா. யாரும் எழுதாதத எழுதுன மாதிரி அந்த கம்ப்யூட்டர் சொல்லிருச்சு."

அம்மா மகளையே பார்த்தார். "பொய் சொல்லி அதுக்கு என்னா கெடைக்குது?"

அந்தக் கருவிக்குப் பொய்யும் மெய்யும் ஒன்றுதான், பொருந்தி வரும் சொற்களைக் கோத்துக்கொண்டே போகும் என்று நாங்கள் விளக்கியிருக்கலாம். மூச்சுக்குத் தவிப்பவரிடம் அதைச் சொல்ல வாய் எழவில்லை. அக்கா அழுதார். அம்மா அவர் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அழுவாத லா. நீ போன் போட்டதுலேருந்து நல்லா தூங்குனேன். அது பொய்யில்ல பாரு."

அந்த ஆண்டு மழைக்காலம் முடிவதற்குள் அம்மா போய்விட்டார்.

அக்கா இப்போது விரிவுரையாளர். அதே போன்ற கருவிகள் இன்று இன்னும் கெட்டிக்காரத்தனமாகத் தேடித் தருகின்றன, அவரும் பயன்படுத்துகிறார். அவை காட்டும் ஒவ்வொரு கட்டுரையையும் தாமே திறந்து படித்த பிறகுதான் மாணவர்களிடம் கொடுப்பார். போன மாதம் வேறெதையோ தேடிக்கொண்டிருந்த ஒரு மாணவி, நுரையீரல் நோய்க்குப் புதிய மருந்து கண்டுபிடித்திருக்கிறார்களாம் என்று ஆர்வத்தோடு திரையை அவர் பக்கம் திருப்பினாள். அது உண்மையான கட்டுரைதானா என்று அக்கா கேட்கவில்லை. உண்மையாகவே இருந்தாலும் அம்மாவுக்கு அது இனி உதவாது. எழுந்து வெளியே போய்விட்டார்.