சித்தி கழற்றிய குண்டூசிகள்

என் சித்தி முதுகலை படித்தாள். மருத்துவமோ சட்டமோ அல்ல, பழைய காகிதத்தை எப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்வது என்று. பாடத்தின் பெயர் ஆவணக் காப்பகவியல் மற்றும் பதிவேடு மேலாண்மை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் விசாரித்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதனால் அப்பா சுருக்கிச் சொல்வார்: "பேப்பர் அடுக்குறதுக்குப் படிக்கிறா."

அதற்குமுன் அவளுக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார் ஜன்னல். குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஊரே அவளைத் திட்டும், ஏதோ அவள்தான் குழாய்க்குள் விரலை விட்டு அடைத்துக்கொண்டிருப்பது போல. அங்கே பழைய கோப்புகளை வைக்கும் பதிவறை ஒன்று உண்டு. அதற்குக் கதவு இருக்கிறது, ஜன்னல் கிடையாது, திட்ட யாரும் வரமாட்டார்கள். சித்திக்கு அதுதான் சொர்க்கம். "விடுப்பு முடியறதுக்குள்ள பட்டத்தோட வாங்க, அந்த நாற்காலி உங்களுக்கு. இல்லைன்னா பழைய ஜன்னல்தான்" என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். நரைமுடி எட்டிப்பார்க்கும் வயதில் சித்தி புத்தகப்பை வாங்கினாள்.

படிப்பு அவளுக்கு, தண்டனை எங்களுக்கு. காப்பகத்தில் மை ஆகாதாம், பென்சில்தானாம். வீட்டிலிருந்த பேனாக்கள் எல்லாம் காணாமல் போயின. என் மதிப்பெண் அட்டையில் அப்பா பென்சிலால் கையெழுத்துப் போட்டார். அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை விளக்கத் தேவையில்லை.

கடைசியில் செய்முறைத் திட்டம் வந்தது. மூடிப்போன பேருந்துக் கம்பெனி ஒன்றின் 'தொலைந்த பொருள்' பிரிவுக் கடிதங்களை ஒழுங்கு செய்து, விவரம் எழுதி, திங்கட்கிழமை தேர்வாளர் முன்னால் வைக்க வேண்டும். பெட்டி கல்லூரியில்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் காகிதத்தை ஈரத்திலிருந்து காப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கும் அந்தத் துறையின் கூரை ஒழுகியது. "உங்க பொறுப்புல வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றார் பேராசிரியை.

ஏறக்குறைய ஒவ்வொரு கடிதத்தோடும் கம்பெனி அனுப்பிய பதிலின் நகல் குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது. துருப்பிடித்த ஊசி காகிதத்தைத் தின்னும், முதலில் அதைக் கழற்று என்கிறது பாடப்புத்தகம். எந்தத் தாளோடு எந்தத் தாள் என்று பென்சிலில் குறித்துவிட்டுக் கழற்று என்றும் சொல்கிறது. சித்தி முதல் பாதியைப் பக்தியோடு செய்தாள். ஞாயிறு காலை முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்து எல்லா ஊசியையும் கழற்றிப் பழைய பவுடர் டப்பாவில் போட்டாள். அடுக்கு கலையாமல்தானே இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு வந்து எண் போடலாம் என்று எழுந்தாள்.

அப்பா வெளியிலிருந்து வியர்த்து வந்தார். "அப்பாடா" என்று மின்விசிறியைப் போட்டார். அதுவும் முழு வேகத்தில்.

கூடத்தில் காகித மழை. சித்தி கையில் சோற்றோடு ஓடிவந்து வாசற்படியில் அப்படியே நின்றாள்.

"என்னம்மா, பேப்பர்தானே? பொறுக்கி அடுக்கிட்டாப் போச்சு" என்றார் அப்பா.

"எதை எதோட அடுக்குறது மாமா?"

நியாயமான கேள்வி. கம்பெனிக்காரர்கள் பதிலில் பெயர் எழுதும் பழக்கமே இல்லாதவர்கள். எல்லாப் பதிலும் ஒரே அச்சு: 'தாங்கள் குறிப்பிட்ட பொருள் கிடைக்கவில்லை.' அபூர்வமாகச் சிலவற்றில் 'கிடைத்தது, நேரில் வரவும்.' யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை? அதைச் சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் குண்டூசி ஒன்றுதான்.

"எல்லாருக்கும் கிடைச்சுதுன்னு வச்சுடு சித்தி, புண்ணியமாப் போகும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். காதுக் கருவியைப் பேருந்தில் விட்டுவிட்ட ஒரு பெரியவர், 'தொலைபேசியில் சொன்னால் எனக்குக் கேட்காது, தயவுசெய்து எழுத்தில் சொல்லவும்' என்று எழுதியிருந்தார்.

"மறுபடி அந்த ஜன்னல்தான் எனக்கு" என்றாள் சித்தி. அம்மா பக்கத்தில் வந்து, "அழாதடி, மூக்கைத் துடை" என்றாள்.

மூக்கைத் துடைத்த சித்தி அந்தக் கடிதத்தை அப்படியே ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மேல் மூலையில் இரண்டு துளைகள், சுற்றிலும் பழுப்பாகத் துரு. இன்னொரு தாளை எடுத்து மேலே வைத்தாள். பொருந்தவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. வேறொன்று. துளைமேல் துளை, கறைமேல் கறை, அச்சு அசலாக உட்கார்ந்தது.

"அக்கா! துரு சொல்லுது!"

படிக்கச் சேர்ந்த நாளிலிருந்து அவள் வாய் ஓயாமல் திட்டிய துரு. ஒவ்வொன்றையும் ஒரு விதமாகக் குத்தியிருந்ததால் ஒரு ஜோடியின் சாய்வும் இடைவெளியும் இன்னொன்றுக்கு வராது. குடும்பமே ஜன்னலை மொய்த்தது. அப்பா விசிறி இல்லாமல் வியர்வையில் குளித்தபடி, கையைத் துண்டில் துடைத்துத் துடைத்துத் தாள் பிடித்தார். "இந்த ஆளு ஒத்தச் செருப்புக்கு லெட்டர் போட்டிருக்கான் பாரு!" என்று நடுநடுவே ஒரு கூச்சல் வேறு. பதிலின்படி, பெரியவரின் காதுக் கருவி கிடைத்திருந்தது. அம்மா ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் சேர்ந்தன. மிஞ்சியவை ஒரு கடிதமும் ஒரு பதிலும் மட்டும். இரண்டிலும் மூலை கிழிந்திருந்தது, துளையே இல்லை.

"மிச்சம் இருக்கறது இது ரெண்டும்தானே? ஜோடி சேர்த்துடு" என்றேன்.

"முன்னாடியே ஊசியிலேர்ந்து கிழிஞ்சு வந்த தாளுங்க, இதுகளோட ஜோடி எப்பவோ தொலைஞ்சு போயிருக்கலாம். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சேர்க்கக் கூடாதுடா" என்றவள் பென்சிலால் இரண்டிலும் 'இணை தெரியவில்லை' என்று எழுதினாள். பிறகு அறிக்கையில், இணைகளைக் குறிக்காமல் ஊசிகளைக் கழற்றியது மாணவியின் தவறு, தாள்கள் கலைந்தன, துருக்கறையை வைத்துச் சேர்க்கப்பட்டன என்று எழுத ஆரம்பித்தாள்.

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கிறுக்கா உனக்கு? தப்பு பண்ணினேன்னு நீயே எழுதிக் குடுத்தா பாஸ் போடுவானா?"

"எழுதலைன்னா, நாளைக்கு இதைப் பார்க்கறவங்க கம்பெனியே இப்படி வச்சிருந்துதுன்னு நம்பிடுவாங்க மாமா."

அப்பா மேலே விசிறியைப் பார்த்தார். "சரி, அப்ப ஃபேனைப் போட்டது நான்னும் எழுது. தப்பை நீ மட்டும் எதுக்குச் சுமக்கணும்?"

மறுநாள் தேர்வாளர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தாராம். "யாரும்மா இந்த மாமா?"

"வெளியில நிக்கிறார் சார். அவரே சொல்றேன்னு வந்திருக்கார்."

இப்போது சித்தி பதிவறையில் இருக்கிறாள். திட்ட யாரும் வருவதில்லை என்று எங்களிடம் பெருமையடிக்கிறாள். அப்பா மட்டும், மேசையில் வெறும் மளிகைச் சீட்டு கிடந்தாலும், சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறார்:

"போடலாமாம்மா?"