பைபர் நாகேந்திரம்

மதுசாரம் நனைத்த துணியால் நாகேந்திரம் தொலைபேசிக் கேபிளின் கண்ணாடி இழையை ஒரே இழுப்பில் துடைப்பார். துணி கீச்சென்று சத்தமிட வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி துடைப்பார். வெட்டி விழும் மயிரளவுத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கறுப்பு ஒட்டுநாடாவில் எடுப்பார். தோலுக்குள் ஏறினால் தேடியும் கிடைக்காது.

"அண்ணே, இப்பிடித் தடவிக் குடுக்கிறீங்களே, அண்ணிய ஒரு நாளாவது இப்பிடிக் கவனிச்சீங்களா?" என்பான் கேபிள் இழுக்கும் பௌஸி, அவர் குந்தியிருக்கும் குழியின் விளிம்பிலிருந்து.

"அவ வளைச்சால் முறியமாட்டா. இது முறியும்."

வெளிச்சம் எப்படி வளைந்து போகிறது என்பது பௌஸிக்கு விளங்குவதேயில்லை. நாகேந்திரம் குரலைத் தாழ்த்திக்கொள்வார். தெருவில் தமிழ் கதைக்கும்போது அவர் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். "உள்ளுக்கை ஒரு கண்ணாடி, அதைச் சுத்தி வேறை கண்ணாடி. சரிவாப் போய் முட்டுற வெளிச்சம் வெளிய போகாது, திரும்பி உள்ளுக்கையே ஓடும். நாங்கள் கொழும்பிலை போற மாதிரித்தான், சுவரோட சுவரா. கூட வளைச்சியெண்டால் கசிஞ்சு போடும்."

வெள்ளவத்தை, இரண்டாயிரத்து ஏழு. காலி வீதியோரம் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டியவர்கள் கேபிளை வெட்டிவிட்டிருந்தார்கள். அதே வேலை செய்யும் வரதராசாவைப் போன மாதம், பையில் வயர் இருந்தது, குண்டு வைக்கத்தான் என்று ஜீப்பில் ஏற்றிப் போனவர்கள் இன்னும் விடவில்லை. அதனால் நாகேந்திரம் இப்போதெல்லாம் பையைத் திறந்தே வைத்திருக்கிறார்.

அன்று இரண்டு சிப்பாய்கள் வந்து நின்றார்கள். இது என்ன வயர் என்று ஒருவன் சிங்களத்தில் கேட்டான். வயர் இல்லை, உள்ளே வெளிச்சம் போகிறது என்றார் நாகேந்திரம், சிங்களத்திலேயே.

"எங்கே வெளிச்சம்?"

மறுமுனையிலிருந்து வெளிச்சம் வந்துகொண்டுதான் இருந்தது. அவர் கையிலிருந்த அளவுமானி அதைக் காட்டியது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அது. வெளிச்சம் இருக்கிறது, ஆனால் கண்ணில் படாது என்று சொன்னால் பொய்க்காரனாவார். எப்படிச் சொல்வது என்று அவர் யோசிக்கும் முன்பே சிப்பாய் குனிந்து இழையின் நுனியைப் பிடித்துக் கண்ணருகே கொண்டுபோனான்.

"எப்பா மாத்தயா!"

வேண்டாம் ஐயா என்று சொல்லி முடிப்பதற்குள் நாகேந்திரத்தின் இடக்கை சிப்பாயின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. வலக்கை இழையின் நுனிக்கும் அவன் கண்ணுக்கும் நடுவே போய் நின்றது. மற்றவனின் துப்பாக்கி முனை நாகேந்திரத்தின் பிடரியில் பதிந்தது.

"கண் கெட்டுவிடும்," என்றார் சிங்களத்தில். "தெரியாமலே கெட்டுவிடும்."

சிப்பாய் இழையை விடாமலே அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு அடையாள அட்டையைக் கேட்டான்.

நாகேந்திரம் மணிக்கட்டை விட்டு, இடக்கையால் சட்டைப் பையிலிருந்த அட்டையை எடுத்து நீட்டினார். வலக்கையை இழையின் முன்னாலிருந்து எடுக்கவில்லை.