கடலைப் பார்த்த ஒலிபெருக்கி

மாலை ஐந்து இருபதுக்கு நான் கடற்கரைக்குப் போனபோது முதலில் கண்ணில் பட்டவை பெரியப்பாவின் கால்கள். மிச்சப் பெரியப்பா தென்னோலைக்குள் மறைந்திருந்தார். மரத்தின் உச்சியில் குழாய் ஒலிபெருக்கி ஒன்றைக் கடலின் பக்கம் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார். பட்டணத்திலிருந்து ஒலியமைக்க வந்திருந்த பையன்கள் இருவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஐயா, அங்கால சனமே இல்லை. கடல்தான் கிடக்கு," என்றான் ஒருவன்.

"கடலுக்கையும் ஆக்கள் நிக்கினம் தம்பி. உனக்குக் கண் தெரியாட்டி நான் என்ன செய்ய?" என்றது தென்னை.

எங்கள் ஊரான சல்லியில் அது வழக்கம். கரையில் பூசை நடந்தாலும் கலியாணம் நடந்தாலும் ஒரு குழாய் கடலைப் பார்க்க வேண்டும். தொழிலுக்குப் போனவனுக்கும் கரையின் கொண்டாட்டத்தில் பங்கு உண்டு என்பது ஊரின் கணக்கு. கோயில் ஒலிபெருக்கி பெரியப்பாவின் பொறுப்பில் இருந்தது. மின்சாரத்தை அவர் நம்புவதில்லை. அதனால் அது ஒரு லொறி பற்றரியில் ஓடியது. தன் பிள்ளைகளைக்கூட அவர் அவ்வளவு கவனமாகத் தூக்கியதில்லை என்று பெரியம்மா சொல்வார். பட்டணத்துப் பையன்களின் ஆளுயரப் பெட்டிகளுக்கு ஜெனரேற்றர் இருந்தது. ஆகவே மேடையில் ஒரே தாங்கியில் இரண்டு மைக்குகள் நின்றன. ஒன்று அவர்களுடைய புதியது. மற்றது கோயிலின் பழையது, சிவப்பு ரேப் சுற்றிக் கட்டியது.

அம்மன் கோயில் திருவிழா முடிந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. பந்தல் பிரிக்கும் முன் ஓர் இசை விழா வைத்துவிட வேண்டும் என்று ஊர் இளைஞர்கள் முடிவு செய்திருந்தார்கள். பட்டணத்துக் குழு ஒன்று, கட்டைபறிச்சான் என்ற ஊரின் குழு ஒன்று, எங்கள் ஊர்க் குழு ஒன்று. எங்கள் குழுவை நடத்தியவர் மாமா, அம்மாவின் தம்பி. கீபோட் வாசிப்பார். அன்று பாட இருந்தவர் என் அம்மா.

கருவாடு காயப் போடும்போது அம்மா பாடுவதை ஊர் முழுவதும் கேட்டிருந்தது. மேடையில் யாரும் கேட்டதில்லை. அடுத்த மாதம் பட்டணத்துக் கடற்கரையில் பெரிய விழா இருந்தது, அதற்கு மாமாவின் குழுவையும் கேட்டிருந்தார்கள். அங்கே அம்மா பாடுவதா, சங்கீதம் படித்த பட்டணத்துப் பெண் ஒருத்தி பாடுவதா என்பது தீர்மானமாகவில்லை. "இண்டைக்குச் சனம் என்ன சொல்லுது எண்டு பாப்பம் அக்கா," என்று மாமா சொல்லியிருந்தார். அம்மா தலையாட்டினாரே தவிர, அதற்குப் பிறகு இரண்டு நாள் சோற்றுக்கு உப்புப் போட மறந்தார்.

அப்பா விழாவுக்கு நிற்கவில்லை. முந்திய நாள் பெரியப்பா எல்லார் முன்னிலையிலும் கேட்டிருந்தார்: "பெண்சாதி மேடையில, புருஷன் முன் கதிரையில இருந்து கை தட்டப் போறாரோ?" அப்பா எழுந்து போனார். விழாவன்று நாலு மணிக்கு வள்ளத்தைத் தள்ளினார். "ஒரு கிழமையா வலை நனையேல்ல," என்றார். சேலையை அயன் பண்ணிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "ஓம், போட்டு வாங்கோ," என்றார். அப்பா வெட்கப்பட்டுத்தான் போகிறார் என்று ஒன்பது வயதில் நான் உறுதியாக நம்பினேன்.

எங்கள் குழுவுக்கு முதலில் பாடும் முறை கிடைத்தது. இருட்டிவிட்டது. கட்டைபறிச்சான் ஆட்கள் வான் வண்டியில் வந்து இறங்கி ஒரு பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். நான் முன்னால் மணலில் மற்றப் பிள்ளைகளோடு இருந்தேன். எனக்குப் பின்னால் பெரியப்பாவும், அப்பாவின் தங்கையான மாமியும் கதிரைகளில் இருந்து வாதாடினார்கள். பெரியப்பாவுக்குப் பாட்டு என்றால் சீடியில் உள்ளபடி இருக்க வேண்டும். இழுவை கூடினாலும் குறைந்தாலும் அது பிழை.

"அச்சொட்டா அப்பிடியே வேணுமெண்டால் சீடியைப் போட்டிட்டுப் படுங்கோவன் அண்ணை. ஏன் இஞ்ச வந்து கதிரையைத் தேய்க்கிறியள்?" என்றார் மாமி.

அம்மா ஒரு பழைய பாட்டைத் தொடங்கினார். முதல் சரணம் முடியும்வரை பெரியப்பா பிழை ஒன்றும் சொல்லவில்லை. அது அவருடைய பாராட்டு என்று எனக்குத் தெரியும். நான் திரும்பி எல்லா முகங்களையும் ஒரு முறை பார்த்தேன். 'அது என்ர அம்மா' என்று அங்கே யாருக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை; ஆனாலும் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன்.

அப்போது ஜெனரேற்றர் இருமியது, புகையைக் கக்கியது, நின்றது. விளக்குகள் போயின. பெட்டிகள் ஊமையாயின. கீபோட்டும் இல்லை. மாமாவும் குழுவில் மற்றவர்களும் மேடையிலிருந்து குதித்து ஜெனரேற்றரிடம் ஓடினார்கள். சனம் கூவியது, விசிலடித்தது. பிள்ளைகள் இருட்டைக் கண்ட சந்தோஷத்தில் கத்தினார்கள். மேடையில் அம்மா இருந்த இடம் கறுப்பாக இருந்தது. விளக்கு திரும்பி வந்தபோது அம்மா மைக்கின் முன்னால், வாய் மூடி, அசையாமல் நின்றார்.

அடுத்த குழு ஏறிவிட்டது. கூட்டத்தின் கதை மட்டும் ஓயவில்லை.

"பாதியில விட்டிட்டா, பாவம்."

"பயந்து போனா."

"வாத்தியம் இல்லாமல் பாட்டோ? நிப்பாட்டினது சரிதான்."

"எங்கட ஆள் எண்டால் கையைத் தட்டியாவது முடிச்சிருப்பான்," என்றான் கட்டைபறிச்சான் வான் வண்டியில் வந்த ஒருவன்.

பெரியப்பா ஒரே வரியில் முடித்தார்: "சீடி பாதியில நிக்காது."

வீட்டுக்கு வந்ததும் குசினிக்குள் அம்மா மாமாவிடம் சொன்னார்: "நான் முடியுமட்டும் பாடினனான். ரெண்டாம் சரணத்தில புகை அடிச்சு இருமினனான். பிறகும் பாடினனான்."

மாமா வாசலில் சாய்ந்து நின்றார். "நான் ஜெனரேற்றருக்குப் பக்கத்தில நிண்டனான் அக்கா, எனக்குக் கேக்கேல்ல. சனத்துக்கும் கேக்கேல்ல. கேக்காத பாட்டை நான் எப்பிடிப் பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போறது?"

அம்மா சேலையை மடித்து அலுமாரிக்குள் வைத்தார். வழக்கத்தைவிட அடியில் வைத்தார்.

காலையில் நானும் அம்மாவும் மீன் எடுக்கக் கரைக்குப் போனோம். பெரியப்பா தென்னையடியில் வயர் சுற்றிக்கொண்டிருந்தார். மாமா பல் துலக்கியபடி நின்றார். முதல் வள்ளம் கரையேறியது. அதிலிருந்து குதித்தவர் மீனைப் பற்றி ஒன்றும் பேசாமல் நேரே பெரியப்பாவிடம் வந்தார்.

"அண்ணை, உங்கட பற்றரி லேசுப்பட்டதில்லை. ராத்திரி மேளதாளம் எல்லாம் நிண்டு போச்சு. குரல் மட்டும் தனியா வந்துகொண்டிருந்தது."

பெரியப்பா வயரைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"மேளம் இல்லாமல்தான் நல்லாயிருந்தது," என்றார் அடுத்துக் கரையேறிய இரண்டாம் வள்ளத்துக்காரர்.

"போடா. ரெண்டாம் சரணத்தில இருமிப்போட்டா," என்றார் அவரோடு வந்தவர்.

"இருமினால் என்ன? உன்ர மனுசி இருமாதவவோ?"

"இருமுறவதான். பாடமாட்டா."

அது கச்சான் எனும் மேல்காற்றின் காலம். காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். கரையில் இருந்தவர்களுக்குக் கூவலும் விசிலும் கிடைத்தன. பாட்டு பழைய மைக் வழியாக, பற்றரி வழியாக, தென்னை உச்சிக் குழாய் வழியாக, காற்றோடு கடலுக்குப் போயிருந்தது. அதை மறுப்பதென்றால் பெரியப்பா தன் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். அவர் சற்று நேரம் யோசித்தார். அவரைப் போன்ற மனிதருக்கு அது கடினமான நேரம்.

"என்ர குழாயில ஒரு சொல்லும் சிந்தாது," என்றார் கடைசியில். பிறகு, தோற்றுப் போகாமல் இருக்க, "ஆனால் சீடியில இருமல் இல்லை," என்றார்.

"அதாலதான் அண்ணை, அது சீடி இல்லை, ஆள் பாடுது எண்டு எங்களுக்குத் தெரிஞ்சது," என்றார் முதல் வள்ளத்துக்காரர். "உங்கட தம்பியும் தூரத்தில இல்லை. எங்களுக்கும் முன்னால, கரைக்குக் கிட்ட நங்கூரம் போட்டிட்டு நிண்டவர்."

மாமா வாயிலிருந்த நுரையைத் துப்பினார். "அக்கா, சனிக்கிழமை ஒத்திகை. நேரத்துக்கு வாங்கோ."

அம்மா மீன் பெட்டியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "மைக் ரெண்டு வேணும்," என்றார்.

அந்தக் கரையில் நிமிர்ந்து நடந்தவர்களில் நானும் ஒருத்தி. வருகிற ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஓடிப்போய், கேட்டீர்களா என்று விசாரித்தேன். இருமலுக்கு முன் பகுதிதான் நல்லது என்றார்கள் சிலர், பின் பகுதிதான் என்றார்கள் சிலர். கேட்கவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

அப்பாவின் வள்ளம் கடைசியாக வந்தது. நான் முழங்கால் தண்ணீருக்குள் ஓடினேன்.

"அப்பா, அம்மா முடியுமட்டும் பாடினவ. தெரியுமோ?"

"ஓம்," என்றார்.

வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தேன். பெட்டி வெறுமையாக இருந்தது. ஊரே அம்மாவைப் புகழ்ந்துகொண்டிருக்கும் காலையில் அப்பா வெறும் கையோடு வந்தது எனக்குப் பெரிய அவமானமாகப் பட்டது.

"ஒரு மீனும் இல்லையோ?"

"இல்லை."

அம்மா வந்தார். மீனைப் பற்றிக் கேட்கவில்லை. குனிந்து வலையின் மேல் கையை வைத்தார். சிறிது நேரம் கையை எடுக்கவில்லை.

"தேத்தண்ணி ஆறுது, வாங்கோ," என்றார்.

இருவரும் முன்னால் நடந்தார்கள். காயப் போடுவதற்காக, வழக்கம்போல, நான் வலையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். அது காய்ந்துதான் இருந்தது.